ஒரு ஆள் வேலை

ஏழே முக்காலுக்குத்தான் அணைத் தண்ணீர் மேலிருந்த பனி விலகியது. அதுவரை தேயிலைத் தோட்டத்துத் துரை ஜீப்பை விட்டு இறங்கவில்லை. அவர் பக்கத்தில் அடுத்த தோட்டத்துத் துரை இருந்தார். ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லர், அதன் மேல் படகு. டிரைவர் சோலைமலை வெளியே நின்றான்.

படகை இறக்க இன்னொரு ஆள் வர வேண்டும். அது வீரய்யா. சோலைமலையின் மனைவிக்கு அண்ணன். அன்று அவன் வரமாட்டான். முந்தின நாள் டயகமவிலிருந்து மனைவியின் பெரியப்பா இறந்த செய்தி வந்து, அவளோடு போயிருந்தான். துரையிடம் சொல்லிவிடும்படி சோலைமலையிடம் சொல்லிவிட்டுத்தான் போனான்.

சோலைமலை சொன்னான். துரை தலையை ஆட்டினார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் இங்கிலீஷில், ஆள் வரவில்லை, டிரைவரால் தனியாக முடியாது, திரும்பிவிடலாம் என்றார். மற்றவர் சிரித்தார். சோலைமலைக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும்.

“முடியுங்க தொரை,” என்றான்.

துரைகள் இறங்கி ஓரமாக நின்றார்கள்.

அங்கே படகுத்துறை என்று எதுவும் கிடையாது. பழைய வண்டிப்பாதைதான். அணை கட்டுவதற்கு முன் அது தோட்டத்தின் கீழ் டிவிஷனுக்குப் போனது. கீழ் டிவிஷன் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. பாதை மேட்டிலிருந்து இறங்கி, ஒரு மைல்கல்லைத் தாண்டி, அப்படியே தண்ணீருக்குள் போய்விடும்.

சோலைமலை ஜீப்பைத் திருப்பி, டிரெய்லரைப் பின்பக்கமாக இறக்கினான். டிரெய்லர் சக்கரம் தண்ணீரைத் தொட்டதும் நிறுத்தினான். இறங்கி, ஜீப்பின் பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தான். படகின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருந்த ஓட்டைக்குக் கட்டையை அடித்தான். மேலே கட்டியிருந்த பட்டியை அவிழ்த்தான். நீளக் கயிற்றின் ஒரு முனையைப் படகின் மூக்கு வளையத்தில் முடிந்து, மறுமுனையை மைல்கல்லில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினான். வழக்கமாக இந்தக் கயிற்றை வீரய்யா பிடித்துக்கொண்டிருப்பான். கல் வைப்பதும் அவன்தான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிப்பாட்டு என்று கத்துவதும் அவன்தான்.

சோலைமலை கல்லை எடுத்தான். ஏறி உட்கார்ந்து இன்னும் ஒரு முழம் பின்னால் விட்டு, பிரேக்கை வெடுக்கென்று மிதித்தான். டிரெய்லர் நின்றது. படகு நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு தண்ணீரில் போய் உட்கார்ந்தது. கயிறு மைல்கல்லில் இறுகியது. சத்தம் எதுவும் இல்லை.

சாயந்தரம் ஏற்றியதும் அப்படித்தான். இறக்குவதைவிட ஏற்றுவது கடினம். படகின் மூக்கைக் கயிற்றால் டிரெய்லருக்கு இழுக்கும்போது பின்பக்கம் காற்றில் திரும்பிவிடும். யாராவது தண்ணீரில் நின்று அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். சோலைமலை பின்பக்கத்துக்கும் ஒரு கயிறு போட்டு மைல்கல்லில் வளைத்தான். முன் கயிற்றை டிரெய்லரின் உருளையில் கோத்து, ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றினான். மறு கையால் பின் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். படகு நேராக வந்து ஏறியது. அடுத்த தோட்டத்துத் துரை கை தட்டினார். தன் தோட்டத்தில் இதற்கு நான்கு பேர் கூச்சல் போடுகிறார்கள் என்றார். துரை கடைசிவரை நின்று பார்த்தார்.

ஜீப்பை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது சோலைமலை சந்தோஷமாக இருந்தான். அந்தச் சந்தோஷத்தைத்தான் அவன் பிறகு அடிக்கடி நினைத்துப் பார்த்தான்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. இரண்டு ஆளுக்குப் பேர், அதாவது நாள்கூலி, விழுகிற வேலையை ஒருவன் செய்து காட்டக் கூடாது. மூன்று பேர் தூக்குகிற மரத்தை இரண்டு பேரால் தூக்க முடியும் என்றாலும் மூன்று பேர்தான் தூக்க வேண்டும். துரை பார்க்கும்போது நிச்சயமாக.

சோலைமலைக்கும் தெரியும். அணையில் தண்ணீர் நிரம்பி துரை படகு வாங்கியபோது, இதற்கு எத்தனை ஆள் வேண்டும் என்று அவனிடம்தான் கேட்டார். அதற்கு முன்பே அவன் ஒரு நாள் காலையில் யாரும் இல்லாதபோது படகை இறக்கி ஏற்றிப் பார்த்திருந்தான். தனியாக முடிந்தது. துரையிடம் இரண்டு ஆள் வேண்டும் என்றான். வீரய்யாவின் பெயரைச் சொன்னான்.

வீரய்யாவுக்கு வலது முழங்கால் மடங்காது. தேயிலைப் பெட்டி ஏற்றும்போது பலகை சறுக்கி லாரியிலிருந்து விழுந்தவன். அந்தக் காலோடு மலையில் ஏறி வேலை செய்ய முடியாது. படகு வந்த பிறகு அவனுக்குப் பங்களாப் பக்கம் பேர் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை படகு. மற்ற நாட்களில் அதைத் துடைப்பது, எஞ்சினுக்கு எண்ணெய் போடுவது, ஜீப்பைக் கழுவுவது. எல்லா நாளும் முழுப் பேர். தனக்கு அந்த வேலை எப்படி வந்தது என்று அவன் கேட்கவில்லை. படகுக்கு இரண்டு ஆள் வேண்டும், மாப்பிள்ளை தன்னைச் சொல்லியிருக்கிறான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு வீரய்யாவைத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்குப் போகச் சொன்னார். வீரய்யா காரணம் கேட்டான். துரை உத்தரவு என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

சோலைமலைக்குக் காரணத்தைத் துரையே சொல்லியிருந்தார். திங்கட்கிழமை ஃபேக்டரிக்குப் போகும் வழியில் சொன்னார். நீ ஒரு ஆள் போதும் என்றார். பாராட்டுகிற குரலில்தான் சொன்னார். சோலைமலை, சரிங்க தொரை என்றான்.

செவ்வாய்க்கிழமை மாலை வீரய்யா லயத்தில் சோலைமலை குடியிருந்த காம்பராவுக்கு வந்தான். வாசல் படியில் காலை நீட்டி உட்கார்ந்தான். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பல வருடங்கள் ஆகின்றன.

“நேர்ல போயி ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கணும் மாப்ள,” என்றான். “எளவு வீட்டு அவசரத்துல தோணல. தொரைக்குக் கோவம் வந்திருக்கும்ல?”

“இருக்கும்,” என்றான் சோலைமலை.

“அந்தப் பெரியப்பா உசுரோட இருக்கையில எனக்கு ஒரு வாய் வெத்தல குடுத்ததில்ல. செத்து, இருந்த வேலயயும் வாங்கிட்டுப் போயிட்டாரு.” வீரய்யா சிரித்தான். பிறகு படகுக்கு இப்போது யார் என்று கேட்டான்.

சோலைமலை பங்களாத் தோட்டக்காரனைச் சொன்னான். தோட்டக்காரன் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவன். வேலை முடிந்ததும் கிராமத்துக்குப் போய்விடுவான். லயத்தில் யாரும் அவனோடு நின்று பேசுவதில்லை. அதை யோசித்துத்தான் சோலைமலை அவனைச் சொன்னான். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

“அவனுக்குக் கயிறு புடிக்கத் தெரியுமா?”

“சரியா வரல. தொரை ஒங்களத்தான் திருப்பிக் கூப்புடுவாரு மச்சான்.”

வீரய்யா நம்பினான். தோட்டக்காரன் கல்லைச் சக்கரத்துக்கு நேராக வைக்கிறானா, கோணலாக வைக்கிறானா என்று விசாரித்தான். கோணலாக வைத்தால் வழுக்கும், சொல்லிவை என்றான்.

கவ்வாத்து மலை செங்குத்தானது. காலை நீட்டி வைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுதான் வீரய்யாவால் வெட்ட முடிந்தது. மற்றவர்கள் வரிசை முடித்து இறங்கும்போது அவன் பாதியில் நின்றான். அரைக் கூலிக்கு அரைப்பேர் போட்டார்கள். மறுநாளும் அரைப்பேர். மாதம் முடியும்வரை பார்ப்பேன், பிறகு புத்தகத்திலிருந்து பேரை வெட்டிவிடுவேன் என்று கண்டாக்கு எல்லோர் முன்னாலும் சொன்னார். பேர் போனால் காம்பராவும் போகும். அந்த வருடம் அதற்கு மேலும் ஒரு பயம் இருந்தது. இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்ட பிறகு, பேர் இல்லாதவர்களைத்தான் முதலில் இந்தியாவுக்குக் கப்பலில் ஏற்றுவார்கள் என்று கொட்டகலைக் கடைகளில் பேசிக்கொண்டார்கள். உண்மையா என்று யாருக்கும் தெரியாது. வீரய்யா இந்தியாவைப் பார்த்ததில்லை. அங்கே அவனுக்கு யாரும் இல்லை.

ஒரு சாயந்தரம் சோலைமலையின் மனைவி காளியாயி அண்ணனின் கைக்கு மஞ்சள் அரைத்துக் கட்டிவிட்டாள். அவன் போன பிறகு ரொட்டி தட்ட உட்கார்ந்தாள்.

“தோட்டக்காரனுக்குக் கயிறு புடிக்கத் தெரியலயாமே,” என்றாள்.

சோலைமலை அடுப்பில் விறகைத் தள்ளினான்.

“பங்களாவுல சமைக்கிற அப்பு எல்லாஞ் சொன்னாரு. தொரை நின்னு பாத்தாராம். ஒரு தொரை கைகூடத் தட்டுனாராம்.”

“அது பக்கத்துத் தோட்டத்துத் தொரை.”

“யாரு தட்டுனா என்ன. நல்லா கேட்டுச்சா ஒனக்கு?”

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அண்ணனிடம் தான் சொல்லவில்லை என்றாள். சொல்லவும் போவதில்லை. ஆனால் இந்த மாதத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

“என்ன செய்யச் சொல்ற?”

“தனியா முடியலன்னு தொரைட்ட சொல்லு. நம்பலன்னா ஒரு நாளைக்குக் கைய விட்ரு. படகு போயி கல்லுல மோதட்டும். மரந்தான, ஒடஞ்சா செஞ்சுக்கிருவாங்க.”

சோலைமலை சொல்லிப் பார்த்தான். ஹட்டனுக்கு ஜீப் ஓட்டிப்போகும்போது, காற்றுக் காலம் தொடங்கிவிட்டது, இன்னொரு ஆள் இருந்தால் நல்லது என்றான். துரை அவனைத் திரும்பிப் பார்த்தார். உனக்கு வயதாகிவிட்டதா என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். சோலைமலையும் கூடச் சிரித்தான். சிரிக்காமல் இருந்திருக்கலாம் என்று ஹட்டன் வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தான்.

ஆகவே அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு கையை விடுவது என்று முடிவு செய்தான்.

துரை தன் காரில் வந்தார். சோலைமலை முன்பே வந்து டிரெய்லரை இறக்கி வைத்திருந்தான். கயிற்றை மைல்கல்லில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றினான். முடிச்சுப் போடவில்லை. ஜீப்பில் ஏறி, பின்னால் விட்டு, பிரேக்கை மிதித்தான். படகு இறங்கியது. கண்ணாடியில் பார்த்தான். கயிறு கல்லைச் சுற்றி ஓடியது. வால் முனை கல்லை விட்டுக் கழன்றது.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. படகு தானாக நடுத் தண்ணீருக்குப் போயிருக்கும். துரை கரையில் நின்று பார்த்திருப்பார்.

சோலைமலை ஜீப்பிலிருந்து குதித்திருந்தான். கால் போய்க் கயிற்றின் வாலை மிதித்தது. குனிந்து எடுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டான். துரை தூண்டிலைக் கோத்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் பார்க்கவில்லை.

பகல் முழுவதும் சோலைமலை ஜீப்பில் உட்கார்ந்திருந்தான். கொண்டுவந்த ரொட்டியைச் சாப்பிடவில்லை. சாயந்தரம் இருக்கிறது என்று நினைத்தான். இறக்குவதில் தவறியது ஏற்றுவதில் தவறாது. பின் கயிறு போடாமல் விட்டால் போதும். இடது பக்கம் பாதை ஓரத்தில் ஒரு பாறை தண்ணீரில் முக்கால்வாசி மூழ்கிக் கிடந்தது. காற்று அந்தப் பக்கமாகத்தான் அடித்தது. துரை முதலில் இறங்கிவிடுவார். யாருக்கும் அடிபடாது. பலகை மட்டும் உடையும்.

மூன்று மணிக்கு மேல் காற்று பலத்தது. மலையை மறைத்துக்கொண்டு மழை வந்தது. துரை எஞ்சினை நிறுத்திக் கரையோரம் வந்து இறங்கினார். தொப்பியைப் பிடித்துக்கொண்டு மைல்கல் அருகே போய் நின்றார்.

சோலைமலை முன் கயிற்றை மட்டும் உருளையில் கோத்தான். கைப்பிடியைச் சுற்றினான். படகின் மூக்கு டிரெய்லரை நோக்கி வந்தது. பின்பக்கம் மெதுவாகத் திரும்பியது. அவன் பார்த்துக்கொண்டே சுற்றினான். ஒரு அலை வந்து அதை இன்னும் தள்ளியது. பாறைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கை இடைவெளி இருந்தது. பிறகு அதுவும் குறைந்தது.

வீரய்யா கவ்வாத்து மலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதை அவன் வேண்டுமென்றே நினைத்தான். அந்தக் கைகளை நினைத்தான். இன்னும் ஒரு அலை போதும்.

அலை வந்தபோது அவன் மார்பளவு தண்ணீரில் இருந்தான். முதுகு பாறையில். தோள் படகில். எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. கால்களை ஊன்றித் தள்ளினான். படகு விலகியது. பின்பக்கத்தில் தொங்கிய கயிற்றைப் பிடித்து, கரையேறி, மைல்கல்லில் வளைத்து இழுத்தான். படகு நேராகியது. ஒரு கையால் கயிறு, மறு கையால் கைப்பிடி. படகு ஏறி, மூக்குக் கட்டையில் டக்கென்று உட்கார்ந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

துரை மழையில் நனைந்துகொண்டே வந்து படகின் பக்கப்பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு சோலைமலையின் தோளைப் பார்த்தார். சட்டை கிழிந்து ரத்தம் கசிந்தது. மருந்து போட்டுக்கொள் என்றார். இந்தக் காற்றில் இன்னொரு ஆள் இருந்திருந்தால் அவன் குறுக்கே நின்றிருப்பான், படகு போயிருக்கும் என்றார். இனி ஆள் கேட்காதே என்பதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். காரில் ஏறிப் போனார்.

சோலைமலை படகின் அடிக்கட்டையைப் பிடுங்கினான். தண்ணீர் வடிந்தது. வடியட்டும் என்று நின்றான். காளியாயிடம் என்ன சொல்வது என்று யோசித்தான். கை விடவில்லை என்று சொல்லலாம். அது அவளுக்குப் புரியாது. அவனுக்கும் புரியவில்லை. அண்ணனையும் தங்கையையும் ஒரு பக்கத்தில் வைத்து, மரப்பலகையை மறுபக்கத்தில் வைத்தால் யாரும் பலகையைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். அவனும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் பலகைதான் முழுசாக இருந்தது.

நிமிர்ந்தபோது மேட்டுப் பாதையில் ஒருவன் நின்றான். தலையில் கம்பளி. கம்பளிக்கு உள்ளே வெள்ளைச் சட்டை. திருவிழாவுக்குப் போடுகிற சட்டை.

வீரய்யா எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அங்கிருந்து பார்த்தால் பாதை, பாறை, தண்ணீர் எல்லாம் தெரியும்.

வலது காலை இழுத்து இழுத்து இறங்கி வந்தான். பாதை வழுக்கியது. சோலைமலை கை கொடுக்கப் போனான். வீரய்யா கையைப் பிடிக்கவில்லை. மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“தொரை போயிட்டாரா?”

“இப்பத்தான் போறாரு.”

“காத்தா இருக்கே, தோட்டக்காரன் தடுமாறுவான், வந்து கயித்தப் புடிச்சா தொரை பாப்பாருன்னு வந்தேன்.”

சோலைமலை கயிற்றைப் பார்த்தான். வீரய்யாவும் பார்த்தான். குனிய முடியாததால் காலை ஒரு பக்கம் நீட்டி உட்கார்ந்து, கயிற்றை மைல்கல்லிலிருந்து அவிழ்த்தான். கிழிந்த கையில் ஈரக் கயிறு பட்டதும் முகத்தைச் சுளித்தான். ஆனாலும் முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒழுங்காகச் சுற்றினான். முன்பு ஒவ்வொரு ஞாயிறும் சுற்றுவதைப் போலவே சுற்றி முடித்து, வால் முனையை உள்ளே செருகி, சோலைமலையிடம் நீட்டினான்.

சோலைமலை வாங்கிக்கொண்டான். தோட்டக்காரன் இன்று வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தான். வீரய்யா தலையை ஆட்டி நிறுத்தினான்.

“நல்லா ஏத்துன,” என்றான். “நா இருந்தா இவ்வளவு சுளுவா ஏறியிருக்காது.”

மழை படகின் மேல் சத்தமாக விழுந்தது. வீரய்யா டிரெய்லரைச் சுற்றி ஒருமுறை நடந்தான். சக்கரத்துக்கு வைத்திருந்த கல்லைக் காலால் தொட்டுப் பார்த்தான். அது நேராகத்தான் இருந்தது. திரும்பி வந்து சோலைமலையின் முகத்துக்கு நேராக நின்றான். கோபமாக இருப்பவன்போலத் தெரியவில்லை.

“மொத நாள்லேருந்தே ஒன்னால தனியா முடியும்,” என்றான். “அப்ப நா எதுக்கு மாப்ள இருந்தேன்?”